செம்மஞ்சள் கூலர்

கனடாவின் ஸ்காபரோவில் பியர் குடிக்கத் தெரிந்த தமிழருக்குப் பஞ்சமில்லை. ஆனால் பியரைக் கலக்கத் தெரிந்தவர் தான் ஒருவர் மட்டுமே என்று அமிர்தநாதர் நம்பியிருந்தார். ஜேர்மனியிலிருந்து றிச்சர்ட் வந்து சேரும்வரை அந்த நம்பிக்கையில் ஒரு கீறலும் விழவில்லை.

இந்தக் கலக்கல் ருசிக்காகத் தொடங்கியதல்ல, பயத்தில் தொடங்கியது. தீவுப் பக்கத்திலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒவ்வொரு யூலை மாதமும் ஏரிக்கரைப் பூங்காவில் ஒன்றுகூடுவார்கள். சுவாமி வந்து பூசை வைப்பார், கோழி வாட்டுவார்கள், கயிறு இழுப்பார்கள். எல்லாம் செய்யலாம், பியர்ப் போத்தலை மட்டும் வெளியே காட்டக்கூடாது. பூங்காக் காவலர்கள் கண்டால் தண்டம் எழுதிக் கையில் தந்துவிட்டுப் போவார்கள். ஆகவே ஆண்கள் கொண்டுவந்த பியரையெல்லாம் வான் வண்டியின் பின்கதவு மறைவில் வைத்தே, குழாய் பூட்டிய ஒரு பெரிய செம்மஞ்சள் கூலருக்குள் கவிழ்ப்பார்கள். பிறகு கோப்பிக் கப்புகளில் பிடித்து, மூடி போட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைகள் மாதிரி உறிஞ்சிக்கொண்டு நிற்பார்கள்.

முதல் வருடம் வாயில் வைக்க முடியவில்லை. ஒருவர் பொன்னிற லாகர் கொண்டுவந்தார், ஒருவர் ரெட் ஏல், ஒருவர் கறுத்துக் கசக்கும் ஸ்ரவுட். இன்னொருவர் வீட்டில் தானே காய்ச்சிப் போத்தலில் அடைத்த, அடியில் மண்டி கிடக்கும் பியர். எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றாய் ஊற்றினால் என்ன ஆகும்? சட்டி கழுவின தண்ணீர் என்று எல்லாரும் துப்பினார்கள். இரண்டாம் வருடம் அமிர்தநாதர் கூலருக்குப் பக்கத்தில் போய் நின்றார். அதன்பிறகு அந்த இடம் அவருடையதாயிற்று.

ஒவ்வொரு போத்தலிலும் மூடியளவு எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். குளிர்ந்த லாகர்தான் முதலில் போகும். அதன்மேல் ஏலை, கூலருக்குள் அகப்பையைச் சரித்துப் பிடித்து, அதன் முதுகு வழியே நுரைக்காமல் வழியவிடுவார். வீட்டில் காய்ச்சினதை மண்டி கலங்காமல் மேலால் மட்டும் வடிப்பார். ஸ்ரவுட் கடைசி. நுரை அடங்கும்வரை கூலர் மூடியை இறுக்கக்கூடாது என்பது அவருடைய ஒரு சட்டம். மற்றச் சட்டம் நிறம். "கோப்பிக் கப்பிலை இருக்கிறது கோப்பி மாதிரி இருக்கவேணும்" என்பார். ஒரு வருடம் அது கருகிய பாண் விளிம்பு போல ருசிக்கும், அடுத்த வருடம் தோடம்பழத் தோல் போல. கொண்டுவருகிறவர்களின் கைக்கு ஏற்ப ருசி மாறும், ஆனால் நன்றாயில்லை என்று ஒருவரும் சொன்னதில்லை. "அண்ணை, இந்த முறை என்ன மாதிரி?" என்று கப்போடு வரிசையில் நிற்பார்கள். அமிர்தநாதர் பதில் சொல்லமாட்டார். குழாயைத் திறப்பார்.

அவர் வேலை செய்தது கோப்பிக் கப்புகளுக்கு மூடி அடிக்கிற ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில். ஒன்றைப்போலவே மற்றதாக மூடிகள் விழுந்துகொண்டிருக்கும், அவர் அவற்றைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருப்பார். அங்கே அவருடைய முழுப் பெயர் ஒருவருக்கும் தெரியாது, "நாத்" என்று கூப்பிடுவார்கள். மல்வேர்னில் அவருடைய வீட்டிலும் பெரிய மரியாதை என்று சொல்ல முடியாது. மனைவி வேரோனிக்கா வீட்டை நடத்தினாள், மகள் ஷாமிலா காரை ஓட்டினாள், அவர் பின்னால் இருந்து போனார். வருடத்தில் ஒருநாள், அந்தக் கூலருக்குப் பக்கத்தில் மட்டும், அவர் ஓர் ஆளாக இருந்தார். அந்த ஒருநாளைத்தான் றிச்சர்ட் பறித்தான்.

றிச்சர்ட் வேறு யாருமல்ல, வேரோனிக்காவின் ஒன்றுவிட்ட தங்கை யூஜினியின் புருசன். ஜேர்மனியில் பல வருடம் இருந்துவிட்டுக் குடும்பத்தோடு கனடாவுக்கு வந்திருந்தான். அங்கே பியர்த் துறையில் வேலை செய்தவனாம். ஒரு பியர் மண்டபத்தில் கிளாஸ் கழுவினவன் என்பது அமிர்தநாதர் விசாரித்து அறிந்த செய்தி. அவனுக்குத் தலை நிறைய மயிர் இருந்தது. அமிர்தநாதருக்கு முதலில் அதுதான் பிடிக்கவில்லை.

தன் மகன் கோயிலில் நற்கருணை வாங்கிய முதல்நன்மை நாளுக்கு றிச்சர்ட் வீட்டில் ஒரு விருந்து வைத்தான். வீடுதானே, ஒளிக்க வேண்டியதில்லை. உயரமான கிளாஸ்களை வரிசையாக வைத்து, லாகரை ஊற்றி, அதன்மேல் கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து ஸ்ரவுட்டை மெல்ல விட்டான். கீழே பொன்னிறம், மேலே கறுப்பு, இரண்டும் ஒட்டாமல் நின்றன. சனம் கைதட்டியது. யாரோ படம்கூடப் பிடித்தார்கள்.

"பியர் குடிக்கிறதுக்கோ, கண்ணாடி அலுமாரிக்குள்ளை வைக்கிறதுக்கோ?" என்று அமிர்தநாதர் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார். பக்கத்தில் நின்றவர் கைதட்டிக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டிருந்தால்கூட அமிர்தநாதர் பொறுத்திருப்பார். றிச்சர்ட் கோதுமைப் பியரில் எலுமிச்சைச் சோடாவைக் கலந்து, தட்டில் வைத்து, பெண்கள் இருந்த பக்கம் கொண்டுபோனான். வேரோனிக்கா ஒன்றை எடுத்தாள். உறிஞ்சினாள். மேலுதட்டில் நுரை ஒட்டியதைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "சோக்காயிருக்குது றிச்சர்ட்" என்றாள்.

அமிர்தநாதர் அறையின் இந்தப் பக்கத்தில், கையில் ஒரு மீன் கட்லட்டோடு நின்றுவிட்டார். கட்டிய நாள்முதல் வேரோனிக்கா பியர் குடித்து அவர் கண்டதில்லை. அவளுக்கு அது பிடிக்குமென்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. இப்போது எவனோ ஒருவன் கலந்ததைக் குடித்துவிட்டு, சின்னப்பிள்ளை மாதிரிச் சிரிக்கிறாள். அவருக்கு வயிறு எரிந்தது. உண்மையாகவே எரிந்தது, கட்லட் அதற்குக் காரணமில்லை.

அடுத்த கிழமை, ஒன்றுகூடலை நடத்துகிற சங்கத்தின் தலைவர் நீக்கிலாப்பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அமிர், இந்த முறை பிக்னிக்கிலை தம்பி றிச்சர்ட் கலக்கட்டும். பொடியன் முறையாச் செய்யுறான். ஆர் ஆர் என்னென்ன பியர் கொண்டுவாறது எண்டு முதலே பிரிச்சுக் குடுத்திட்டான். உமக்கு லாகர்."

"லாகரோ?"

"ஓம், ரெண்டு பெட்டி. பிறகு, இஞ்சாரும், உம்மடை வேலையிடத்துக் கப் மூடியளை மறந்துபோடாதையும்."

அமிர்தநாதர் தொலைபேசியை வைத்தார். கலக்கிறவனாக இருந்தவர் மூடி கொண்டுவருகிறவராக ஆகிவிட்டார். யார் எதைக் கொண்டுவருவது என்று முதலே பிரித்துக் கொடுத்துவிட்டு ருசியாக்குவது ஒரு கெட்டித்தனமா? வருவதை வைத்துக்கொண்டு ருசியாக்குவதல்லவா கைப்பக்குவம்? இதை அவர் குளியலறைக் கண்ணாடியிடம் கேட்டார், காரின் பின்சீற்றில் இருந்து கேட்டார், தொழிற்சாலையில் மூடிகளிடமும் கேட்டார்.

பிக்னிக் நாள் வெயில் நன்றாக எறித்தது. றிச்சர்ட் வெள்ளைத் தொப்பியோடு வானின் பின்னால் நின்றான். கோதுமைப் பியரும் லாகரும், அவற்றோடு செரிப்பழ ருசியுள்ள ஏதோ ஒரு விலை கூடிய பியரும் கூலருக்குள் போயின. அமிர்தநாதர் எட்டிப் பார்த்தார். உள்ளே தேன் நிறத்தில் பளபளவென்று கிடந்தது.

"தம்பி, உது நிறம் சரியில்லை" என்றார். "கப்பிலை விட்டால் தூரத்திலையே பியர் எண்டு தெரியும்."

"அண்ணை, ஜேர்மனியிலை பார்க்குக்குள்ளை கிளாஸோடை நடந்து திரிவினம். நீங்கள் சும்மா பயப்பிடுறியள்" என்று றிச்சர்ட் சிரித்தான். அது மரியாதையான சிரிப்புத்தான். அதனால் இன்னும் எரிந்தது.

அப்போது சுவாமி சாப்பாட்டுச் செபத்துக்குக் கூப்பிட்டார். றிச்சர்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னுக்குப் போனான். எல்லாரும் மரநிழலில் கூடி, தலையைக் குனிந்து, கண்களை மூடினார்கள். வானடியில் அமிர்தநாதரும் கூலரும் மட்டும் நின்றார்கள்.

அவருடைய காரில், மாற்றுச் சில்லுக்குப் பக்கத்தில், போன வருடத்து ஸ்ரவுட் போத்தல்கள் சில கிடந்தன. வெயிலிலும் பனியிலும் கிடந்து, மருந்துபோலக் கைத்துப்போயிருக்கும் என்று அவர் நிச்சயமாக நம்பினார். நல்லது, கைக்கட்டும். இந்தத் தேன் நிறம் சேற்று நிறமாகட்டும். முதல் வாய் குடித்துவிட்டு எல்லாரும் துப்பட்டும், வேரோனிக்கா முதலில் துப்பட்டும்.

சுவாமி இலகுவில் முடிக்கிறவரல்ல. ஊரில் இடம்பெயர்ந்து மரத்தடியில் கிடக்கிறவர்களுக்காகச் செபித்தார். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனிடம் அகப்பட்டு வழியில் நிற்கிறவர்களுக்காகச் செபித்தார். அமிர்தநாதருக்கு ஒரு கணம் வெட்கமாக இருந்தது. அவருடைய தம்பியே மடு அகதி முகாமில் ஒரு கொட்டிலுக்குள் கிடந்தான். ஆனாலும் போத்தலைத் திறந்தார்.

கெடுக்கத்தான் போனார். ஆனால் கை பழக்கத்தை விடவில்லை. அகப்பையை எடுத்துச் சரித்துப் பிடித்தது, ஸ்ரவுட்டை அதன் முதுகால் நுரைக்காமல் வழியவிட்டது, மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது, கூலர் மூடியை இறுக்காமல் வைத்தது. "ஆமென்" என்று எல்லாரும் சொன்னபோது அமிர்தநாதரும் சொன்னார். வெற்றுப் போத்தல்கள் அவருடைய காருக்குள் திரும்பியிருந்தன.

கப்புகள் போயின. அமிர்தநாதர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு, மூடி கொடுத்துக்கொண்டு நின்றார். நீக்கிலாப்பிள்ளை ஒரு வாய் உறிஞ்சினார். நின்றார். இன்னொரு வாய் உறிஞ்சினார். அமிர்தநாதர் துப்பலுக்குக் காத்திருந்தார்.

"எட, என்னடாப்பா இது!" என்றார் நீக்கிலாப்பிள்ளை. "அந்த மாதிரிக் கிடக்கு!"

அப்படியொரு கலக்கலை அந்தப் பூங்கா கண்டதில்லை. செரிப்பழ இனிப்பு முதலில் வந்தது. அது திகட்டப்போகிற இடத்தில் ஸ்ரவுட்டின் கசப்பு வந்து பிடித்துக்கொண்டது. தொண்டையில் இறங்கியபின் சுட்ட கோப்பிக்கொட்டை வாசம் நின்றது. அமிர்தநாதரும் ஒரு கப் பிடித்துக் குடித்தார். தன் ஆயுளில் தன் கையால் கலந்ததில் இதுதான் மிகத் திறம் என்பது அவருடைய நாக்குக்கு உடனே தெரிந்தது. அவருக்கு அழுகை வரப் பார்த்தது.

போதாக்குறைக்கு, பூங்காக் காவலன் ஒருவன் சைக்கிளில் வந்தான். சுவாமிக்கு அண்மையில் மெதுவாக்கினான். சுவாமியின் கப்பில் மூடி இல்லை, அவர் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். காவலன் சைக்கிளில் இருந்தபடியே எட்டிப் பார்த்தான். உள்ளே மண்ணிறமாக, மேலே வெண்ணுரையோடு, பால்கோப்பி மாதிரி ஏதோ இருந்தது. கையை அசைத்துவிட்டுப் போய்விட்டான்.

"பாத்தியளே!" என்று நீக்கிலாப்பிள்ளை றிச்சர்ட்டின் முதுகில் தட்டினார். "பொடியன் நிறத்தையும் யோசிச்சுத்தான் செய்திருக்கிறான். மூளை எண்டால் அது மூளை!"

சனம் றிச்சர்ட்டைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறை. பாயில் இருந்த பெண்களுக்கும் யூஜினி கப் கொண்டுபோய்க் கொடுத்தாள். வேரோனிக்கா ஒன்று குடித்தாள். பிறகு வெற்றுக் கப்பை நீட்டி இன்னொன்று கேட்டாள். அமிர்தநாதர் அதையும் பார்த்தார்.

றிச்சர்ட் மட்டும் சிரிப்பதும் யோசிப்பதுமாக நின்றான். சனம் கொஞ்சம் விலகியதும் அமிர்தநாதரிடம் வந்தான்.

"அண்ணை, நான் வைச்சிட்டுப் போகேக்கை உந்த நிறமில்லை. நீங்கள் இதிலைதானே நிண்டனீங்கள். ஆரும் ஏதும் விட்டவையோ?"

சொல்வதற்கு அதுதான் தருணம். நான்தான் விட்டேன், என்னுடைய கைதான் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் ஏன் விட்டீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். செபம் நடக்கும்போதா விட்டீர்கள் என்று அதற்கடுத்த கேள்வியும் வரும்.

"எனக்கென்ன தெரியும்?" என்றார் அமிர்தநாதர். "நான் கண்ணை மூடிச் செபம் சொல்லிக்கொண்டெல்லோ நிண்டனான்."

வீடு திரும்பும்போது ஷாமிலா காரை ஓட்டினாள். வேரோனிக்கா முன்சீற்றில் இருந்து, யூஜினி என்ன சொன்னாள், சுவாமி என்ன சொன்னார் என்று கதைத்துக்கொண்டு வந்தாள். பிறகு, "என்ன இருந்தாலும் றிச்சர்ட்டின்ரை கை கைதான்" என்றாள்.

பின்சீற்றில் இருந்தவருக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அவன்ரை கையோ? அது என்ரை கை! நான் விட்ட ஸ்ரவுட்! அவன் வைச்சது வெறும் சீனிப்பாணி. செபம் நடக்கேக்கை நான்தான் ஊத்தினனான்!"

கார் ஒரு சிவப்பு விளக்கில் நின்றது. ஷாமிலா கண்ணாடியில் தகப்பனைப் பார்த்தாள்.

"அப்பா, ஆர் யூ ஜெலஸ்? லைக், சீரியஸ்லி? ஒரு பியருக்கு?"

"நீ றோட்டைப் பார்த்து ஓடு."

வேரோனிக்கா திரும்பிப் பார்த்தாள். அவள் கோபிப்பாள் என்றுதான் அமிர்தநாதர் நினைத்தார், செபத்தின்போது செய்ததற்காவது. அவள் கோபிக்கவில்லை.

"ஏன் ஊத்தினனீங்கள்? நல்லா வரட்டும் எண்டோ?"

அவர் முகத்தை யன்னல் பக்கம் திருப்பினார்.

"விளங்குது" என்றாள்.

"நீர் அவன்ரையைக் குடிச்சுப்போட்டுச் சிரிச்சனீர்" என்றார் அவர். குரல் அவருக்கே சின்னப்பிள்ளையின் குரல் மாதிரிக் கேட்டது. "இவ்வளவு வருசமா நான் கலக்கிறன். ஒருநாள் ஒரு வாய் குடிச்சிருப்பீரோ?"

"ஒருநாள் எனக்கு ஒரு வாய் தந்திருப்பியளோ?" என்றாள் வேரோனிக்கா. "வானுக்குப் பின்னாலை நிண்டு ஊர் முழுக்க ஊத்துவியள். நான் பாயிலை இருந்து பாத்துக்கொண்டிருப்பன். கப் பிடிச்சுக் குடுக்கிறதும் கலகலக்கிறதும் கேக்கும். உமக்கும் எப்பன் தரட்டோ எண்டு நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. றிச்சர்ட் கேட்டான். நான் எடுத்தன்."

விளக்கு பச்சையாகியது. ஷாமிலா றோட்டைப் பார்த்து ஓட்டினாள்.

அந்தப் பனி மாரி முழுவதும் அமிர்தநாதர் வீட்டின் கீழ்த்தளத்துப் பேஸ்மன்றில் அந்த ருசியைத் திரும்பப் பிடிக்கப் பார்த்தார். ஸ்ரவுட் எவ்வளவு என்பது தெரியும். றிச்சர்ட் கீழே எதை எவ்வளவு விட்டான் என்பது தெரியாது. றிச்சர்ட்டும் தன் வீட்டில் அதே பாடு படுவதாக யூஜினி வந்து சொன்னாள். அவனுக்குக் கீழ்ப்பாதி தெரியும், மேற்பாதி தெரியாது. ஒருவரை ஒருவர் கேட்டால் ஒரு பின்னேரத்தில் முடிகிற வேலை. அமிர்தநாதர் கேட்பாரா? நாக்கைக் கடித்துக்கொண்டு செத்தாலும் கேட்கமாட்டார்.

அடுத்த யூலையில் இரண்டு கூலர்கள் வந்தன. றிச்சர்ட்டினுடையது நீலம். சனம் இரண்டு பக்கமும் கப்போடு நடந்தது, இரண்டையும் நல்லது என்றது. போன வருடம் மாதிரி என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

அமிர்தநாதர் தன் செம்மஞ்சள் கூலரிலிருந்து முதல் கப்பைப் பிடித்தார். நீக்கிலாப்பிள்ளை கையை நீட்டினார். அமிர்தநாதர் அவரைத் தாண்டிப் போனார். ஆண்கள் எல்லாரும் பார்த்திருக்க, புல்வெளியைக் கடந்து, பெண்கள் இருந்த பாயடிக்குப் போனார். அவருடைய காதுமடல் சிவந்திருந்தது.

"இஞ்சாரும்" என்றார். "உமக்கு எப்பன் தரட்டோ?"

பாயில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். வேரோனிக்கா கப்பை வாங்கி, மூடியைக் கழற்றி, மெதுவாகக் குடித்தாள். அவர் நின்றுகொண்டேயிருந்தார்.

"நல்லாயிருக்குது" என்றாள். பொய் சொல்லத் தெரியாதவள். "ஆனால் போன வருசத்தையான் மாதிரி இல்லை."

அமிர்தநாதர் வானடிக்குத் திரும்பி வந்தார். அகப்பையையும் ஸ்ரவுட் போத்தல்களையும் எடுத்தார். நேரே நீலக் கூலரடிக்குப் போனார். அங்கே நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

"தம்பி, மூடியைத் திறவும்."

றிச்சர்ட் அவருடைய கையைப் பார்த்தான், போத்தலைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. "செபமோ, அண்ணை?" என்று மெல்லக் கேட்டான்.

"ஓம், செபம்தான். திறவும்."

உள்ளே போன வருடத்து அதே தேன் நிறம் கிடந்தது. இம்முறை எல்லாருடைய கண்களும் திறந்திருக்க ஊற்றினார். அகப்பையின் முதுகால் கறுப்பு வழிந்தது. நுரை அடங்கும்வரை காத்திருந்து, ஒரு கப் பிடித்து, மறுபடியும் புல்வெளியைக் கடந்தார். வேரோனிக்கா குடித்தாள். கண்ணை மூடினாள். மேலுதட்டில் நுரை ஒட்டியது. அவள் சிரித்தாள்.

"இதுதான்" என்றாள்.

அமிர்தநாதருக்கு நெஞ்சு நிறைந்தது. ஆனால் அவர் அமிர்தநாதர். நிறைந்த நெஞ்சுக்குள்ளும் அந்தப் பழைய எரிவு எங்கோ ஒரு மூலையில் கிடந்தது.

"ஆற்றை கை எண்டு தெரியுதோ?" என்று கேட்டார். "கீழ்ப்பாதி அவன்ரை. மேல்ப்பாதி என்ரை. உமக்கு எது பிடிச்சது?"

வேரோனிக்கா கப்பைக் கீழே வைக்காமலே அவரைப் பார்த்தாள்.

"உங்களுக்கு விசர்" என்றாள். "கொண்டுவந்து தந்தது நீங்கள்தானே."